இரண்டாவது பெல்ட்

நெட்டையனை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது அவன் காலில் ஒரே ஒரு செருப்புதான் இருந்தது. சட்டையில் ஒரு பித்தான்கூட மிச்சமில்லை. இடது கண் வீங்கி மூடிக்கிடந்தது. தலையில் ஆஸ்பத்திரிக் கட்டு. பக்கத்து வீட்டு வெல்டர் ஒரு கையால் அவன் இடுப்பையும் இன்னொரு கையால் தன் லுங்கியையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, படி இருக்கு" என்று சொல்லியபடியே கூட்டிவந்தார்.

அக்காக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பதால் தெருவில் அவளுக்குத் தையல்காரி என்றுதான் பெயர். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்கக்கூட மறந்து தம்பியையே பார்த்தாள். இவன் ஆறடி உயரம், கதவு நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வந்த நாளே கிடையாது. இன்றைக்குக் குனியாமலே உள்ளே வந்துவிட்டான். அவ்வளவு கூனிப்போயிருந்தான்.

"யாருடா இப்படி அடிச்சது?"

"யாருன்னுக்கா சொல்றது? ரோட்டுல போனவன் வந்தவன் எல்லாரும் அடிச்சான். பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கி வந்து அடிச்சாங்க."

"ஒங்க மாமா எங்கடா இருந்தாரு அப்ப?"

நெட்டையன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தான். மாமா அவனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அக்கா புருஷனான அவருக்குத் தெருவில் வளையல்காரர் என்று பெயர். வளையல் விற்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி எடுத்த கறுப்பு ரப்பர் வளையங்களை எந்நேரமும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டிருப்பார். தொழில் அப்படி. ஒரு சின்ன லாரி, அதன் முதுகில் ஒரு பெரிய தண்ணீர் டேங்க், பக்கத்தில் பம்பு, நீளமான ஓஸ் பைப். காம்பவுண்டுச் சுவர், பாசி பிடித்த மாடி, சேறு அப்பிய பஸ், எதுவானாலும் வாசலுக்கே போய்ப் பீய்ச்சிக் கழுவிக் கொடுப்பார்கள். அவருக்குச் சுருட்டி வைக்கிற பைத்தியம் உண்டு. ஓஸைச் சுருட்டி ஒரு வளையம் போடுவார், வயரைச் சுருட்டி ஒரு வளையம் போடுவார். டேங்க்கைக் கட்டுகிற பெல்ட்டை அதன் நடுவில் உள்ள லீவரை மடக்கி முறுக்கியதும், மிச்சம் தொங்குகிற வாலைத் தட்டையாகச் சுருட்டி, அதற்கும் ஒரு வளையம் மாட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மச்சானுக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நெட்டையனுக்கு ரப்பரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வாலை அப்படியே பறக்கவிட்டுக்கொண்டு போவான்.

வெல்டர் நெட்டையனைப் பின்பக்கக் கொட்டகையில் பாய்மேல் உட்காரவைத்தார்.

"தையல் போட்டிருக்காங்கம்மா. மாத்திரை எழுதிக் குடுத்திருக்கு, நான் போய் வாங்கிட்டு வரேன். வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. சாயங்காலம் வண்டிக்காரங்களைக் கூட்டியாரேன்னு நான் பொறுப்பு சொல்லித்தான் இவனை விட்டாங்க. ஓட்டுனவன் இவன்னு தெரியும். டேங்க்கைக் கட்டுனது யாருன்னு அதான் கேக்குறாங்க."

"அவளுக்கு எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டாள் தையல்காரி.

அவள் என்றால் பழக்காரி. சந்தை இறக்கத்தில் நடைபாதை ஓரமாகக் கூடை போட்டு உட்காருகிறவள்.

வெல்டர் தலையைச் சொறிந்தார். "முட்டிக்குக் கீழே காலை எடுத்தாகணும்னு சொல்றாங்க." சொல்லிவிட்டுத் தையல்காரியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

பழக்காரியின் ரவிக்கை மெஷின்மேலேயே கிடந்தது. கை மட்டும்தான் வைக்க வேண்டும். கழுத்தைக் கொஞ்சம் இறக்கி வை, ரொம்ப இறக்காதே, என் வீட்டுக்காரன் மயங்கி விழுந்திடுவான் என்று சிரித்துக்கொண்டே அளவு கொடுத்துவிட்டுப் போனவள். 

பழக்காரிக்காக மட்டுமென்றால் தையல்காரி அழுது தீர்த்திருப்பாள். அவளை அரித்தது வேறொன்று. தலைக்குமேலே இருந்தது அது. அண்ணாந்து பார்க்கவே பயந்தாள்.

அந்த வீட்டில் ஒரு அறைதான் காரை. மீதியெல்லாம் பின்பக்கம் இறக்கிய தகரக் கொட்டகை. அதிலேதான் அடுப்பு, அதிலேதான் மெஷின். தகரத்தைத் தாங்குகிற இரும்புக் குழாய் சுவரிலிருந்து கழன்று எவ்வளவோ நாளாகிவிட்டது. காற்றுக் காலம் தொடங்கியதிலிருந்து குழாயோடு சேர்ந்து தகரம் எழும்பி எழும்பி விழுந்தது. "என்னைக்காவது ஒரு நாள் இது என் தலையில விழப்போகுது" என்று புருஷனிடம் சொல்லாத நாளில்லை. அவரும், இதோ செய்கிறேன் என்று சொல்லாத நாளில்லை. நேற்றுச் சாயங்காலம் காற்று அடித்த அடியில் குழாய் ஒரு முழம் மேலே போய்விட்டு வந்தது. வீட்டில் ஆம்பளைகள் இல்லை. சந்தில் லாரி நின்றது. டேங்க் காலி. அதன்மேல் இரண்டு பெல்ட்டும் தொளதொளவென்று தொங்கின. காலி டேங்க்குக்கு எதற்கு இரண்டு பெல்ட் என்று அவளுக்குத் தோன்றியது. ஏறி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கொக்கியைக் குழாயிலும் இன்னொன்றை ஜன்னல் கம்பியிலும் மாட்டினாள். நடுவில் இருந்த லீவரை எப்படி முறுக்குவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாலை இழுத்துப் புடவைக்கொடிக்குப் போடுகிற மாதிரி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு நிறுத்தினாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் ஒரு கல்யாண வீட்டுக்காரிக்கு ரவிக்கை கொடுக்க இருட்டோடு போய்விட்டாள். திரும்பி வந்தபோது லாரி கிளம்பிப் போயிருந்தது.

இப்போது வெளியே காற்று திரும்பவும் கிளம்பியிருந்தது. தெருவில் எல்லார் வீட்டுத் தகரமும் தடதடத்தது. இவர்கள் வீட்டுத் தகரம் மட்டும் சத்தமே போடவில்லை.

தம்பிக்குத் தட்டில் சோறு போட்டு, ஒரு முட்டையைப் பொரித்து மேலே வைத்தாள். அவன் வாயைத் திறக்க முடியாமல் சோற்றைப் பருக்கை பருக்கையாக உள்ளே தள்ளினான்.

"என்னதான்டா நடந்துச்சு?"

"காலையில கட்டும்போதே ஒரு பெல்ட்டைக் காணோம்க்கா. சீட்டுக்கடியில பார்த்தேன், பம்புக்குப் பின்னாடி பார்த்தேன், இல்ல. முந்தாநாள் கழுவுன எடத்துல விட்டுட்டேன் போலருக்குன்னு நினைச்சேன். மாமாகிட்ட சொன்னேன். கயித்தைப் போட்டுக் கட்டுடா, நேரமாவுதுன்னாரு. நைலான் கயித்தைப் போட்டு இழுத்துக் கட்டுனேன். முழு டேங்க்கா இருந்தப்ப ஒண்ணும் தெரியல. கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சு. முதல் வேலை முடிஞ்சு பாதித் தண்ணி போயிடுச்சுல்ல, அப்புறம் அது ஆட ஆரம்பிச்சுடுச்சு. பிரேக்கைத் தொட்டா பின்னாடி இருந்து ஒரு ஆளு பிடிச்சுத் தள்ற மாதிரி தள்ளுது. மாமா, நிறுத்தி இறுக்கிக்கலாம்னு சொன்னேன். அடுத்த வேலைக்கு ஆளு காத்திருக்கான், போடாங்கறாரு. சந்தை இறக்கத்துல முன்னாடி பஸ்ஸு டக்குனு நின்னுச்சு. மிதிச்சேன். தண்ணி அத்தனையும் முன்னாடி வந்து மோதித் திரும்புச்சு. கயிறு அறுந்தது எனக்கே கேட்டுச்சுக்கா. பக்கப் பலகையைப் பேத்துக்கிட்டு டேங்க்கு..."

அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. "அவ கத்தவே இல்லக்கா. ஆப்பிள் எல்லாம் ரோட்டுல ஓடுது, அவ அதைப் பார்த்துக்கிட்டே இருக்கா" என்றான்.

கட்டிலிலிருந்து வளையல்காரர் எழுந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"கதை சொல்லி முடிச்சாச்சா? இப்ப நான் சொல்றதைக் கேளு. ஸ்டேஷன்ல ஒரே பேச்சுதான் பேசணும். கட்டுனது நீ. பெல்ட்டைத் தொலைச்சது நீ. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் கூட வந்த ஆளு."

"மாமா, கயிறு போடச் சொன்னது நீங்க..."

முடிக்கவில்லை. தட்டு எகிறிச் சுவரில் அடித்தது. வளையல்காரரின் கால் அவன் விலாவில் இறங்கியது. நெட்டையன் பாயில் சுருண்டான்.

"என்னங்க!" என்று அவள் குறுக்கே விழுந்தாள். அவர் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினார். மெஷின் காலில் அவள் தாடை இடித்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"சொல்லுடா! யாரு கட்டுனது?"

"நான்தான் கட்டுனேன் மாமா."

"பெல்ட்டைத் தொலைச்சது யாரு?"

"நான்தான் போலருக்கு மாமா."

"போலருக்கு என்னடா போலருக்கு?" மூலையில் கிடந்த ஓஸ் பைப் துண்டு அவர் கைக்கு வந்துவிட்டது. கனத்த பைப். உள்ளே கம்பி பின்னியது. அது முதுகில் விழுந்த சத்தத்தில் தெருநாய் குரைத்தது. "போலருக்குன்னு போலீஸ்ல சொல்லுவியா? தொலைச்சேன்னு சொல்லு!"

இவ்வளவுக்கும் நெட்டையன் அவரை ஒரு கையால் தூக்கிப் போடக்கூடியவன். கையை ஓங்கவில்லை. அக்கா புருஷன், கூப்பிட்டுச் சோறு போட்டு வேலை கொடுத்தவர். தலையிலிருந்த தையலை மட்டும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அடியை முதுகில் வாங்கினான். அதைவிட மோசம், தான் தொலைத்ததாகவே அவன் நம்பினான்.

கதவு இடிபட்டது. "டேய், கதவைத் திற! செத்துக்கித்துப் போயிடப் போறான்டா!" வெல்டரின் குரல். மாத்திரையோடு திரும்பி வந்திருந்தார். அந்த இரும்புக் கதவை அடித்துக் கொடுத்தவரே அவர்தான். கடப்பாரையாலும் அசைக்க முடியாது என்று பெருமை பேசியவர் இப்போது தன் வேலையையே திட்டிக்கொண்டு தோளால் மோதினார்.

சொல்லிவிடு என்று அவளுக்குள் ஒன்று கத்தியது. பெல்ட்டை எடுத்தவள் நான்தான் என்று சொல்லிவிடு. சொன்னால் அந்தப் பைப் தன் பக்கம் திரும்பும், அது அவளுக்குத் தெரியும். அடிக்குக்கூட அவள் அஞ்சவில்லை. பழக்காரியின் காலை எடுத்தது தன் கை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் நாக்கு எழும்பவில்லை. தம்பியின் முதுகில் அடுத்த அடி விழுந்தது. அவன் "அம்மா" என்றான். பெற்றவள் செத்த பிறகு அவன் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

அவள் தலையைத் தூக்கினாள். பார்க்கப் பயந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

பெல்ட் விறைப்பாக நின்றது, காற்று குழாயைத் தூக்கத் தூக்க இம்மியும் விடாமல். அவள் போட்ட முடிச்சுகள் ஒன்றுகூட இல்லை. லீவர் மடக்கி அமுக்கப்பட்டிருந்தது. வால் தட்டையாக, அழகாகச் சுருட்டப்பட்டு, அதன்மேல் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் போட்டிருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்த மனுஷன் காலையில் கொட்டகையில் நின்று பல்லு விளக்கியிருக்கிறார். பெல்ட்டைப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி போட்ட முடிச்சைப் பார்த்து, என்ன கட்டு இது என்று அவிழ்த்து, முறையாக முறுக்கி, சுருட்டி, வளையம் போட்டிருக்கிறார். அதன் பிறகு வெளியே போய், பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்த மச்சானிடம் கயிறு போடு என்று சொல்லியிருக்கிறார்.

கழற்றி எடுத்துப் போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தகரம் ஆடும், அதை வேறு விதமாகக் கட்ட வேண்டும், யார் அந்த வேலையெல்லாம் பார்ப்பது. அவ்வளவுதான் விஷயம். அந்தச் சோம்பலுக்கு ஒருத்தி கால் போய்விட்டது.

"யோவ்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஓங்கிய பைப் அந்தரத்தில் நின்றது.

"பெல்ட்டை எடுத்தது நான். நேத்துச் சாயங்காலம் நான்தான் கழட்டிட்டு வந்து மேலே கட்டுனேன். அந்தப் பாவம் என்னோடது. ஆனா நான் போட்டது முடிச்சுய்யா. லீவர் போட எனக்குத் தெரியாது. மேலே பாரு. அந்த வளையம் யாரு கையில இருந்து வந்துச்சு?"

நெட்டையன் ஒற்றைக் கண்ணால் அண்ணாந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மாமாவின் மணிக்கட்டைப் பார்த்தான்.

"மாமா, நான் வண்டிக்கடியில படுத்துத் தேடுனேனே மாமா. பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தீங்க?"

வளையல்காரர் பைப்பைக் கீழே இறக்கினார். "அது... முன்னாடி எப்பவோ போட்டது."

"முன்னாடி அந்த எடத்துல பெல்ட்டே இல்ல. நேத்துத்தான் வந்துச்சு" என்றாள் அவள். கதவுப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினாள். "அண்ணே! கேக்குதா? தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போயிருக்காரு! பெல்ட்டு இங்கதான் இருக்கு, ஸ்டேஷனுக்கு எடுத்துக்கிட்டு வரேன்!"

கதவை இடிப்பது நின்றது. வெல்டருக்குக் கேட்டுவிட்டது.

வளையல்காரர் பைப்பைப் போட்டுவிட்டு மெஷின் ஸ்டூல்மேல் தாவி ஏறினார். பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், வளையத்தைப் பிய்த்து எறிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது அவர் மண்டையில். காற்று அந்நேரம் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு முன்பல் ஒன்று கிடையாது. இழுவையில் இருக்கிற லீவரில் மூஞ்சியைக் காட்டி இழந்த பல் அது. லோடு இருக்கும்போது லீவரைத் திறக்காதே, திறந்தால் முகத்தைத் தள்ளி வை என்று மச்சானுக்குப் பல்லைக் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தியவர், இப்போது அதை முகத்துக்கு நேராகப் பிடித்து முழுபலத்தோடு திறந்தார்.

லீவர் தெறித்து வாயில் அடித்தது. உதடு கிழிந்து தொங்கியது. குழாய் சுவரைப் பெயர்த்துக்கொண்டு மேலே போனது. விரலைச் சுற்றிக்கொண்டிருந்த பெல்ட் அவர் கையையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டு, தகரத்தோடு மளாரென்று திரும்பி விழுந்தது. விரல்கள் முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. ஸ்டூல் சாய்ந்தது. மனுஷன் அடுப்புமேல் விழுந்து தரையில் உருண்டார். மேலே வானம் தெரிந்தது. தூசியும் துருவும் கொட்டின.

அவர் எழுவதற்குள் நெட்டையன் அவர்மேல் இருந்தான். இத்தனை நேரம் ஓங்காத கை. கழுத்தைப் பிடித்த பிடியில் வளையல்காரரின் கண் வெளியே வந்தது. குதிகால் தரையில் உதைத்துக்கொண்டது.

"என்னை ஊரே அடிக்கும்போது கூட்டத்துக்குள்ள நின்னு பார்த்தீங்களே மாமா. நான் பார்த்தேன் மாமா. அப்பவும் பயந்துட்டீங்கன்னுதானே நினைச்சேன்."

மாமா மாமா என்று சொல்லிக்கொண்டேதான் நெரித்தான். அவர் கால் உதைப்பது குறைந்தது.

அவள் பாய்ந்து தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரியவில்லை. கையைக் கடித்தாள். "விடுடா! இந்த ஆளு மேல இரக்கப்பட்டுச் சொல்லலடா. இவன் செத்தா உண்மையும் சேர்ந்து செத்துப்போகும். நீ ஜெயிலுக்குப் போவ, இவன் நல்லவனாப் போய்ச் சேருவான். விடு!"

அவன் விட்டான். விட்ட கையைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் போய் உட்கார்ந்து, பெரிய குரலெடுத்து அழுதான். வளையல்காரர் குப்புறப் புரண்டு இருமி இருமி ரத்தத்தைத் துப்பினார். முறிந்த கையை நெஞ்சோடு அணைத்திருந்தார். மணிக்கட்டில் வளையங்கள் அப்படியே இருந்தன.

அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள். வெல்டர் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.  மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

தையல்காரி கொண்டையை முடிந்துகொண்டாள். கீழே கிடந்த பெல்ட்டை எடுத்தாள். வாலில் வளையம் போட்டபடியே இருந்தது. அது கழன்றுவிடாமல் ஒரு துணிப்பையில் வைத்தாள். கையில்லாத ரவிக்கை அடுப்புச் சாம்பலில் கிடந்தது. அதை எடுத்து உதறி, மடித்து, அதையும் பையில் வைத்தாள்.

"ஸ்டேஷனுக்கு யாரும்மா வரது?"

"மூணு பேரும்ணே. எடுத்தது நான், தெரிஞ்சே விட்டது அந்த ஆளு, ஓட்டுனது இவன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க வாயாலேயே சொல்லட்டும்."

"உன்னை எதுக்கும்மா இதுல இழுத்துக்கிற? நீ எடுத்தது யாருக்குத் தெரியும்? உன்னையும் சேர்த்து உள்ள வெச்சிருவாங்க."

"வெக்கட்டும்."

காற்று நின்றபாடில்லை. கொட்டகைத் தகரம் எழும்பி எழும்பி விழுந்தது. யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தம்பியின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். வெல்டர் முனகிக்கொண்டே வளையல்காரரைத் தூக்கினார்.

ஆட்டோவில் ஏறியதும், "ஸ்டேஷனுக்குத்தானே?" என்று கேட்டான் ஆட்டோக்காரன்.

"இல்லப்பா, முதல்ல ஆஸ்பத்திரிக்கு விடு" என்றாள் அவள். "அவளுக்கு மயக்கம் தெளிஞ்சிருக்கும். போலீஸ்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லணும்."

பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.